முடியும்

"முடியும்" என்கிறார் டெரிக் ஹாரக்ஸ்.
கேட்ட எல்லாவற்றுக்கும் அதே பதில்.
குளிக்க? முடியும்.
படியேற? முடியும்.
சட்டை? இதோ போட்டிருக்கிறேனே.
போட்டுத்தான் இருக்கிறார்.
அடிப்பொத்தான் ஓர் ஓட்டை தவற,
அந்தத் தவறு கழுத்துவரை ஏறியிருக்கிறது.

லங்காஷயரில், நெல்சன் ஊரில்,
கல்வீடுகள் தோளோடு தோள் ஒட்டி
மழை வாங்கும் தெரு.
நான் மன்றத்தின் ஆள்.
மடியில் கணினி, அதில் பத்து இனங்கள்:
உண்பது, கழுவுவது, கழிப்பறை, உடுப்பது,
வீட்டுக்குள் விழாமல் நடமாடுவது,
இன்னும் இப்படி.
இரண்டாவது கைவிட்டுப் போயிருக்க வேண்டும்.
போனதால் வாழ்வு கணிசமாகக் குலைந்திருக்க வேண்டும்.
கணிசம் என்றால் எவ்வளவு என்று
பயிற்சியில் கேட்டேன்.
பார்த்தால் தெரியும் என்றார்கள்.

பார்த்தேன்.
மாடியில் கட்டில், விரிப்பு கலையாமல்,
அதன்மேல் பிப்ரவரி மாதத் தூசி.
குளியல்தொட்டியில் ஈரமே இல்லை.
கீழே நாற்காலியோரம் தலையணை,
செய்தித்தாளால் போர்த்திய ஒரு பாட்டில்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.

"டீ போட்டுத் தரட்டுமா?"

உதவக் கூடாது. அதுதான் என் வேலையின் கடினம்.
கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன்.
வலது கை பதினான்கு மாதமாக
அவர் பேச்சைக் கேட்பதில்லை.
இடது கை இரண்டு கையின் வேலையைப்
பழகிக்கொண்டிருக்கிறது.
கெட்டிலில் கால்வாசிதான் தண்ணீர்; அவ்வளவுதான் தூக்க வரும்.
பால்புட்டியின் மூடியைப் பல்லால் திருகினார்.
ஒரு கரண்டி விழுந்தது. அதை விட்டுவிட்டு
வேறொன்று எடுத்தார்.
என் முன் கோப்பையை வைத்தபோது
பதினோரு நிமிடம்.

'சூடான பானம் தயாரிக்க முடியுமா?'
முடியும்.
எப்போது முடியும் என்று படிவம் கேட்கவில்லை.
சட்டம் கேட்கிறது. அதில் ஒரு வரி உண்டு:
வெகுநேரம் பிடித்தால்
அது முடியாததாகவே கொள்ளப்படும்.
நல்ல வரி. அவருக்காகவே எழுதியது போல.
அதைச் சொன்னேன்.
அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.
எனக்குக் காட்டவென்று போராடி
ஒரு கோப்பை ஜெயித்த மனிதரிடம்,
இதைத் தோல்வி என்று எழுதினால்தான்
உதவி வரும் என்கிறேன்.

கதவு தட்டப்பட்டது. ஷகீலா அஸ்லம்,
கையில் மூடிய கிண்ணம்.
தினமும் வருகிறீர்களா?
"சும்மா. பக்கத்து வீடுதானே."
மருந்து எடுத்துத் தருவது யார்?
"நான். ஆனால் நான் பராமரிப்பாளர் எல்லாம் இல்லை."
உங்களுக்கும் தனியாக ஒரு மதிப்பீடு உண்டு என்றேன்.
எனக்கு எதற்கு என்றாள்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

கடைசிக் கேள்வி எப்போதும் வாயில் தயங்கும்.
உங்களுக்கு என்ன வேண்டும், மிஸ்டர் ஹாரக்ஸ்?
மழை ஓடுகளில் எண்ணிக்கொண்டிருந்தது.
"சனிக்கிழமை" என்றார்.
"கிரிக்கெட் மைதானம். ஸ்கோர் பலகை.
இருபத்திரண்டு சீசன் நான்தான் எண் மாட்டினேன்.
இப்போ ஒரு பையன்.
விக்கெட் விழுந்தாலும் மாத்த மறக்கிறான்.
பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டால் போதும்.
இதெல்லாம் உங்க படிவத்தில் இருக்காதே."

இருக்கிறது. ஒன்பதாவது இனம்.
பெயர்தான் மொட்டையாக இருக்கிறது:
'ஊரிலுள்ள வசதிகளைப் பயன்படுத்துதல்.'

இனி இது மேலே போகும்.
மேலே கூட்டம் கூடும், பட்ஜெட் இருமும்.
சேமிப்பு எவ்வளவு என்று கேட்க வேறொருவர் வருவார்.
அவரிடமும் "போதும், இருக்கு" என்பார்.
வாரங்கள் ஆகும். அதையும் சொன்னேன்.
தலையாட்டினார்,
முதல் ஓவரிலேயே மழை நின்ற ஆட்டங்களை
நிறையப் பார்த்தவர்போல.

டீயில் சர்க்கரை இல்லை. முழுதும் குடித்தேன்.
திரையை அவர் பக்கம் திருப்பி
எழுதியதைப் படிக்கச் சொன்னேன்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வந்தவர்
ஓரிடத்தில் நின்றார்.

"பதினொன்று தப்பு.
பத்தரை. நானும் கடிகாரம் பார்த்தேன்."

அழித்துவிட்டு
பத்தரை என்று திருத்தினேன்.